பலேர்மோவில் ஒரு வியாழக்கிழமை



பிறநாடு சென்று மீண்ட ஒருவர் தமது பிரயாணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்போர் சற்றே அஞ்சுவது இயல்பு. எத்தனை மாளிகை கண்டார், எத்தனை படி ஏறினார், எதற்கு என்ன விலை கொடுத்தார் என்னும் வரலாறு முடிவின்றி நீளுமே என்ற அச்சந்தான் அது. அந்த அச்சத்தை நேயர்கள் இப்பொழுதே விட்டுவிடலாம். நான் இன்று கூற இருப்பது ஒரேயொரு பிற்பகலையும் அதனைத் தொடர்ந்த ஓர் இராப்போசனத்தையும் பற்றியே. இடம், இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோ.

சிசிலியைத் தேசப்படத்திற் பார்க்கும் இலங்கையர் எவருக்கும் அதனோடு ஓர் உறவு தோன்றாமற் போகாது. இந்தியக் குடாநாட்டின் அடியிலே நமது தீவு கிடப்பது போல, இத்தாலியக் குடாநாட்டின் காலடியிலே அத்தீவு கிடக்கின்றது. நம்மைப் பிரிப்பது பாக்கு நீரிணை; அவர்களைப் பிரிப்பது மெசீனா நீரிணை. அது மிக ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் அகலமே உடையது. பரப்பளவிற் சிசிலி நமது தீவின் பாதிக்கும் குறைந்தது. ஆயினும் மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்தமையால் அதனை நாடி வந்த இனத்தார் பலர். பலேர்மோத் துறையை முதலில் அமைத்தோர் பினீசியர். கிரேக்கர் அதனைப் ‘பனோர்மோஸ்’ என்றனர். முழுவதும் துறைமுகமானது என்பது அதன் பொருள். பின்னர் உரோமர் ஆண்டனர். 831ஆம் ஆண்டில் அராபியர் நகரைக் கைப்பற்றினர். 1072இல் வட பிரான்சிலிருந்து தெற்கே இறங்கிய நோர்மானியர் அதனை வென்றனர். அவர்களுள் இரண்டாம் ரொஜர் என்பான் 1130ஆம் ஆண்டு நத்தார்த் திருநாளன்று பலேர்மோவிலே சிசிலியின் முதல் அரசனாக முடிசூடினான். இந்த மன்னனின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். சற்று நேரத்தில் அவனை மீண்டும் சந்திப்போம்.

எனது தமையனார் 1987ஆம் ஆண்டு முதல் அந்நகரிலே வாழ்கின்றார். சென்ற ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் நானும் மனைவியும் மகளும் அவரைக் காணச் சென்றோம். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்து சனிக்கிழமை புறப்படுவதாக ஏற்பாடு. அண்ணர் வயது முதிர்ந்த ஒரு சீமாட்டியின் வீட்டிலே பணிபுரிகின்றார். சமைப்பதும், வீட்டைத் துப்புரவு செய்வதும், அம்மூதாட்டியைக் கைபிடித்து நடத்துவதும் அவரது வேலை. இத்தாலி நாட்டில் வீட்டுப் பணியாளருக்கு வியாழக்கிழமைப் பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வாக இருப்பது நெடுங்கால வழக்கம். ஆகவே, அண்ணரோடு சேர்ந்து நகரைப் பார்ப்பதற்கு எமக்கு வாய்த்தது ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல் மாத்திரமே.

நான் பாடசாலை அதிபர். நேரசூசி இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. கொழும்பிலிருந்து புறப்படுமுன்னரே பலேர்மோவிற் காண வேண்டிய பதினான்கு இடங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று வகுத்து, சிவப்பு மையினாற் கோடிட்டு வைத்திருந்தேன். அன்று மதியம் அந்தக் கடதாசியை அண்ணரிடம் நீட்டினேன். அவர் அதனை முழுவதும் வாசித்தார். நான்காக மடித்துத் தமது சட்டைப் பையில் வைத்தார்.

“தம்பி, இதிலே மூன்று நான்கு பார்ப்போம். மற்றவை நாளைக்கும் அங்கேதான் நிற்கும். எனக்கு இன்றைக்கு மட்டுந்தான் லீவு” என்றார்.

உண்மையைக் கூறுவதானால், எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டாயிற்று. அதற்கும் மேலான ஒன்றையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு சரித்திரம் படிப்பித்தவன் நான். வீடு துடைத்து வாழ்பவர் அண்ணர். எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவரா என்று ஓர் எண்ணம் என் மனத்தின் ஒரு மூலையிலே எழுந்தது. அந்த எண்ணம் அன்று பிற்பகல் மூன்று மணி வரைக்குமே உயிரோடிருந்தது.

முதலில் அவர் எம்மை அழைத்துச் சென்றது சீசா என்னும் அரண்மனைக்கு. ‘அல் அசீசா’ என்ற அராபியச் சொல்லின் திரிபே அப்பெயர்; அருமையானது, சிறப்புடையது என்பது பொருள். ரொஜர் மன்னனின் மகன் முதலாம் வில்லியம் 1165ஆம் ஆண்டளவில் இதனைக் கட்டத் தொடங்க, அவன் மகன் இரண்டாம் வில்லியம் முடித்து வைத்தான். அரசர் கிறிஸ்தவர்; கட்டடக்கலையோ அராபியருடையது. வெயிற் காலத்தில் அரசன் இளைப்பாறுவதற்கென எழுந்த மாளிகை இது. நடு மண்டபத்தின் சுவரிலிருந்து நீர் வழிந்து, சாய்வான சலவைக்கல்லின் மீது பரந்து, தரையில் வெட்டிய வாய்க்கால் வழியாக வெளியே உள்ள தடாகத்தைச் சென்றடையுமாறு அமைத்திருக்கின்றனர். நீரின் மேலாக வரும் காற்று மண்டபத்தைக் குளிர்விக்கும். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அந்த மண்டபத்தில் நின்றபோது நமது பழைய நாற்சார வீடுகளின் நடுமுற்றம் எனக்கு ஞாபகம் வந்தது.

சீசா இப்பொழுது ஒரு நூதனசாலை. உள்ளே அண்ணர் மற்றப் பொருள்களை விரைவாகக் கடந்து, ஒரு சுவரின் முன்னே போய் நின்றார். அங்கே ஒரு சலவைக்கல். பெரியது அன்று. நடுவிலே வண்ணக் கற்கள் பதித்த ஒரு சிலுவை. அதனைச் சூழ நான்கு பக்கமும் நான்கு எழுத்து. இடப்புறம் இலத்தீன், வலப்புறம் கிரேக்கம், கீழே அராபியம், மேலே, அராபிய மொழியே எபிரேய எழுத்தில்.

“இது என்ன என்று தெரியுமா?” என்று அண்ணர் கேட்டார். எனக்குத் தெரியாது. என் பதினான்கு இடங்களில் அது இல்லை.

அண்ணர் சொல்லத் தொடங்கினார். ரொஜர் மன்னனின் அரசவையிலே கிறிசாந்து என்றொரு குருவானவர் இருந்தார். அவருடைய தாயாரின் பெயர் அன்னா. 1148ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அந்த அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டில் மகன் தாய்க்கு ஒரு சிறு கோயில் அமைத்து, அவரது உடலை அங்கே அடக்கம் செய்வித்து, இந்தக் கல்லை எழுதுவித்தார். பலேர்மோவில் அன்று வாழ்ந்த மக்கள் வாசிக்கக்கூடிய எழுத்து எத்தனையோ, அத்தனையிலும் தாயின் பெயரை எழுதுவித்தார். ஒவ்வோர் எழுத்திலும் அவ்வச் சமூகத்தார் ஆண்டைக் கணக்கிடும் முறையே பின்பற்றப்பட்டிருக்கின்றது. கிறிஸ்தவருக்கு 1148, இஸ்லாமியருக்கு 543, யூதருக்கு உலகம் தோன்றி 4908, கிரேக்கருக்கு உலகம் தோன்றி 6656. ஒரே தாய், ஒரே நாள். அந்நாளுக்கு நான்கு கணக்கு.

அரசவையின் பெருமையைக் காட்டவே இப்படிப் பல மொழியில் எழுதினர் என்று சரித்திர அறிஞர் கூறலாம். நானும் வகுப்பறையில் அப்படித்தான் கூறியிருப்பேன். ஆனால், அன்று அந்தக் கல்லின் முன்னே நின்றவர் என் தமையனார்.

எமது தாயார் 1996ஆம் ஆண்டிற் காலமானார். இடம்பெயர்ந்து, பிறர் வளவில் ஒரு கொட்டிலில் நாம் இருந்த காலம் அது. பாதைகள் மூடப்பட்டிருந்தன. அண்ணருக்கு நான் எழுதிய கடிதம் அந்தியேட்டியும் முடிந்து பல நாள்களுக்குப் பின்னரே பலேர்மோவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இளையவன் நான் வைத்தேன். அதைப் பற்றி அண்ணர் எனக்கு எழுதிய பதிலில் ஒரேயொரு வரியே இருந்தது: நீ செய்தது நான் செய்ததுதான் என்று.

இப்பொழுது, அந்தக் கல்லைப் பார்த்தபடியே, அவர் சொன்னார்: “அந்தக் காலத்தில் இந்த நகரத்திலே எனக்கு அழுவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. வேலை செய்யும் வீட்டிலே அழ முடியுமா? ஒரு வியாழக்கிழமை மழைக்கு ஒதுங்கி இதற்குள்ளே வந்தேன். காவலுக்கு நின்றவர் இந்தக் கல்லின் கதையைச் சொன்னார். அன்று தொடக்கம் ஒவ்வோர் ஆண்டும் அம்மாவின் திதிக்குக் கிட்டிய வியாழக்கிழமை வந்து, இதற்கு முன்னாலே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவேன். இதிலே தமிழ் இல்லை. இருந்தாலும், இத்தனை மொழிக்கு இடம் விட்டவர்கள் அம்மாவையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.”

நாம் ஒருவரும் பேசவில்லை. மச்சாள் மாத்திரம், இது ஆண்டுதோறும் நடப்பதே என்பது போல, என் மனைவியின் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றார். அண்ணரும் நானும் நின்றோம். நேரம் எவ்வளவு சென்றது என்று நான் பார்க்கவில்லை. முப்பது ஆண்டாக மணியடித்துப் பழகிய எனக்கு அது புதுமையே.

அங்கிருந்து நகரின் நடுப்பகுதியை நோக்கி நடந்தோம். மதிய உணவுக்குப் பின் கடைகளை அடைத்து ஓய்வெடுப்பது அங்கு வழக்கமாகையால் வீதிகள் வெறிச்சோடியிருந்தன. நாலு மணியளவிற் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பேராலயத்தை அடைந்தோம். 1185ஆம் ஆண்டளவிற் கட்டியெழுப்பப்பட்ட இவ்வாலயம், அதற்கு முன்னர் பள்ளிவாசலாக விளங்கிய இடத்திலே நிற்கின்றது. தெற்கு வாயில் மண்டபத்தின் இடப்பக்கத் தூண் ஒன்றில் குர்ஆன் வாசகம் இன்றும் செதுக்கியபடியே இருக்கின்றது. அதனை எவரும் அழித்துவிடவில்லை. ஆயிரமாயிரம் கிறிஸ்தவர் அத்தூணைக் கடந்தே வழிபடச் செல்கின்றனர்.

உள்ளே ரொஜர் மன்னனின் கல்லறை உண்டு. அதனினும் மக்கள் பெரிதும் நாடுவது புனித றோசலியாவின் எச்சங்கள் உள்ள வெள்ளிப் பேழை. 1624ஆம் ஆண்டில் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது காத்தவர் என்று பலேர்மோ மக்கள் போற்றும் புனிதவதி இவர். நகருக்கு அருகே பெல்லெகிரினோ என்னும் மலை முழையொன்றில் அவருக்குத் திருத்தலம் இருக்கின்றது. பலேர்மோ வாழ் இலங்கைத் தமிழர், கிறிஸ்தவர் மாத்திரமன்றிச் சைவரும், அம்மலை மீது கால்நடையாக ஏறி வழிபடுவதை அந்நகரத்தார் நன்கு அறிவர். மச்சாள் சைவர். “முதலில் போனது பயத்திலே. பிறகு அது பழக்கமாகிவிட்டது. மலையேறி வந்தால் ஊர்க் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி” என்று அவர் கூறினார்.

பேராலயத்திலிருந்து நேரே இறங்கும் வீதியை மக்கள் ‘கசரோ’ என்பர். கோட்டை எனப் பொருள்படும் அராபியச் சொல்லின் வழிவந்த பெயர் அது. அவ்வீதி மற்றொரு பெருவீதியைக் குறுக்கறுக்கும் இடத்தில் ஓர் அழகிய நாற்சந்தி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. சந்தியின் நான்கு மூலையிலும் உட்குழிந்த நான்கு மாளிகை முகப்புகள்; ஒவ்வொன்றிலும் கீழே ஒரு நீரூற்றும் ஒரு பருவத்தின் உருவமும், இடையில் ஓர் ஸ்பானிய அரசன், மேலே நகரைக் காக்கும் ஒரு புனிதவதி. பகற்பொழுதில் எந்நேரமும் நான்கில் ஒரு முகப்பிலாவது வெயில் படும். அதனால் இதற்குச் சூரியனின் அரங்கு என்றொரு பெயரும் உண்டு.

அண்ணர் சிரித்தபடி சொன்னார்: “வந்த புதிதில் கைக்கடிகாரத்தை விற்றுவிட்டேன். எந்த மூலையில் வெயில் நிற்கிறது என்று பார்த்துத்தான் வேலைக்கு ஓடுவேன்.” அவர் கைக்கடிகாரம் விற்ற செய்தி எனக்கு அன்றுதான் தெரியும். அந்தக் கடிகாரம் அப்பா அவருக்குக் கொடுத்தது.

சந்தியின் அருகே நகரசபை முன்றிலில் ஒரு பெரிய நீரூற்று. புளோரன்சு நகரப் பிரபு ஒருவரின் பூங்காவுக்காக 1554இல் வேலை தொடங்கியது. பின்னர் பலேர்மோ நகரசபை அதனை விலைக்கு வாங்க, துண்டு துண்டாகக் கழற்றி 1574இற் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். ஆடையற்ற சிலைகள் பல அதிலே நிற்பதனால் நகரத்தார் ‘வெட்கத்தின் ஊற்று’ என்று அதற்குப் பட்டஞ் சூட்டிவிட்டனர். என் மனைவி தண்ணீர் மிகவும் தெளிவாக இருக்கின்றது என்று மாத்திரம் கூறினார்.

அதற்கு அப்பால் மர்த்தோரானா என்னும் சிறிய தேவாலயம். ரொஜர் மன்னனின் கடற்படைத் தலைவரான அந்தியோக்கியா ஜோர்ஜ் என்பவர் 1143ஆம் ஆண்டளவில் எழுப்பியது. பொன்மயமான சிறு கற்களைப் பதித்து ஆக்கிய ஓவியம் ஒன்றில், இயேசுநாதர் தமது கையாலேயே ரொஜருக்கு முடி சூட்டுகின்றார். மேலே மன்னனின் பெயரும் பட்டமும் எழுதியிருக்கின்றன. சொல் இலத்தீன், எழுத்துக் கிரேக்கம்.

இந்த ரொஜர் மன்னனுக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவன் அரசவையில் அல் இத்ரீசி என்னும் அராபியப் புவியியல் அறிஞர் இருந்தார். மன்னனின் விருப்பப்படி உலக நாடுகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1154ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அந்நூலில் ‘சரந்தீப்’ என்ற பெயரோடு இலங்கையும் இடம்பெற்றிருக்கின்றது. இலங்கை மன்னனின் ஆலோசனைச் சபையிற் பதினாறு பேர் உள்ளனர் என்றும், அவர்களுள் நால்வர் மன்னனின் சொந்தச் சமயத்தார், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் இஸ்லாமியர், நால்வர் யூதர் என்றும் இத்ரீசி எழுதுகின்றார். அவர் இலங்கைக்கு வந்தவர் அல்லர். பிறர் கூறக் கேட்டு எழுதினார். பலேர்மோவில் தாம் நாளும் கண்ட காட்சி அவருக்கு அச்செய்தியை எளிதில் நம்பும்படி செய்திருக்கலாம். எவ்வாறாயினும், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த நகரிலிருந்தபடி ஒருவர் நமது தீவை அவ்வாறு நினைத்தார் என்பதை எண்ணி மகிழ்ந்தேன்.

ஆனால், சரித்திரம் படிப்பிப்பவன் பாதிக் கதையோடு நிறுத்தலாகாது. ஒரு தெரு தள்ளிச் சென்றோம். பழைய யூதர் குடியிருப்பு அது. அங்கே தெருப் பெயர்ப்பலகைகளில் இத்தாலியம், எபிரேயம், அராபியம் ஆகிய மூன்று மொழியும் இருக்கின்றன. மும்மொழிப் பலகை நமக்குப் புதிதன்று. அதன் அருமையும் நமக்கு நன்கு தெரியும். என் மகள் அதனைப் படம் பிடித்தாள். எனினும் இந்தப் பலகைகள் மாட்டப்பட்டது அண்மைக் காலத்திலேதான். ரொஜருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழியுமுன்னே, அவன் பேரனாகிய இரண்டாம் பிரெடெரிக் ஆட்சியில் சிசிலியின் இஸ்லாமியர் இத்தாலியப் பெருநிலத்தில் உள்ள லுசேராவுக்குக் கடத்தப்பட்டனர். 1492இல் ஸ்பானிய முடியின் கட்டளைப்படி யூதர் வெளியேற்றப்பட்டனர். கல்லில் நான்கு மொழி நிலைத்தது, நகரில் நிலைக்கவில்லை. சென்றவர்களை நினைவுகூர்ந்தே இன்று பலகை மாட்டியிருக்கின்றனர். ஆட்கள் போன பின்பு பலகை வைப்பதிலும், ஆட்கள் இருக்கும்போதே அவர்களுக்கு இடம் வைப்பது மேல் என்பதை அந்தத் தெருவிலே நின்று நான் எண்ணிக்கொண்டேன்.

பலேர்மோவிலே பிறந்து வளர்ந்த என் பெறாமகள் அந்தப் பலகையின் செய்தியை எமக்குத் தமிழில் விளக்கினாள். பேச்சிற் குறையில்லை, என் தாயாரின் கிராமத்துச் சொற்கள் அவள் வாயில் அப்படியே இருந்தன. தமிழ் எழுத்தை மாத்திரம் கூட்டிக் கூட்டியே வாசிப்பாள் என்று முதல் நாளே கண்டிருந்தேன். அதிபர் குணம் விடுமா? “இத்தனை மொழி தெரிந்தவள் தாய்மொழியை விரைவாக வாசிக்க வேண்டாமா?” என்று கேட்டுவிட்டேன். அவள் தலை குனிந்தாள். அண்ணர் கோபிக்கவில்லை. “நான்தான் சொல்லிக்கொடுத்தேன் தம்பி. எனக்கு இருந்தது வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையுந்தான்” என்றார். அதற்குப் பின் நான் அப்பிள்ளையிடம் வாசிப்பைப் பற்றிப் பேசவில்லை. ஊர் திரும்பிய பின்பு, பெரிய எழுத்தில் அச்சிட்ட நல்ல கதைப் புத்தகங்கள் சிலவற்றை அனுப்பி வைத்தேன். கண்டனத்தை விட அதுவே முன்னர் செய்திருக்க வேண்டிய காரியம்.

பொழுது சாய்ந்தது. இத்தாலியர் ‘பசெஜ்ஜாத்தா’ என்று கூறும் மாலை உலாவுக்கு நகரமே வெளியே வந்தது. எங்கேயும் போவதற்காக அவர்கள் நடப்பதில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாய் தந்தையர், தடியூன்றிய பாட்டனார், கைகோத்த முதிய சகோதரிகள், யாவரும் நல்லுடை உடுத்து, மெல்ல நடந்து, நின்று பேசி, மறுபடி நடக்கின்றனர். மாலையில் நமது ஊர் மதகிலும் திண்ணையிலும் நடந்த அளவளாவல் அங்கே காலால் நடக்கின்றது. அண்ணரையும் பலர் நிறுத்தி நலம் விசாரித்தனர். மருந்துக்கடைக்காரர் ஒருவர் மூதாட்டியின் இருமல் எப்படி என்று கேட்டார். ‘இவர் என் தம்பி, அதிபர்’ என்று அண்ணர் ஒவ்வொருவருக்கும் என்னை அறிமுகஞ் செய்தார். அந்தச் சொல்லைச் சொல்வதில் அவருக்கு இருந்த பெருமிதத்தை நான் கண்டேன். இத்தனை ஆண்டும் என் ஊரில் எவரிடமும் அண்ணரின் தொழில் இன்னது என்று நான் தெளிவாகக் கூறியதில்லை என்பதும் அப்பொழுது என் நினைவுக்கு வந்தது.

இரவு எட்டு மணிக்குச் சிறியதோர் உணவுச்சாலைக்குச் சென்றோம். அதற்கு முன் போனாற் கதவு திறந்திராது. தெருவோரத்திலே நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, நாம் ஆறு பேர். கதிரைக்கும் பாணுக்குமாக ஆளுக்கு ஒரு சிறு தொகை கணக்கிற் சேர்ப்பது அங்குள்ள வழக்கம். அதைத் தந்துவிட்டால் மேசை அன்றிரவு முழுவதும் நமதே. எழுந்து போங்கள் என்று எவரும் குறிப்பாலும் உணர்த்தமாட்டார். நாம் கேட்டாலன்றிக் கணக்குச் சீட்டைக் கொண்டுவருவதும் மரியாதை ஆகாது.

முதலில் வந்தது ‘பனெல்லே’. கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, மெல்லிய துண்டாக வெட்டிப் பொரித்தது. ஒரு கடி கடித்ததும் என் மகள், “வாய்ப்பன் மாதிரியும் இல்லை, வடை மாதிரியும் இல்லை, ஆனாலும் சொந்தக்காரர்” என்றாள். அடுத்தது ‘கப்போனாத்தா’. பொரித்த கத்தரிக்காயோடு ஒலிவக்காய் முதலியன கூட்டி, வினாகிரியும் சீனியும் இட்டுச் சமைத்தது. நமது கத்தரிக்காய் மோஜுவின் உடன்பிறப்பு என்று மனைவி தீர்ப்பளித்தார். பின்னர் பலேர்மோவின் பெயர்பெற்ற உணவாகிய, சூடைமீன் சேர்த்த பாஸ்தா வந்தது. மீனோடு காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்ந்த திராட்சை, பைன் மரத்து விதை, குங்குமப்பூ ஆகியன சேர்கின்றன. மேலே வறுத்த பாண்தூளைத் தூவுகின்றனர். பாற்கட்டி வாங்க இயலாத ஏழைகள் கண்ட உபாயம் அந்தப் பாண்தூள் என்பர். மாவை இழையாக்கி உலர்த்தும் தொழில் பலேர்மோவுக்கு அருகே திராபியா என்னும் ஊரில் நடப்பதையும், அது கப்பலேறிப் பல நாடு செல்வதையும் முன்னர் கூறிய இத்ரீசியே தமது நூலிற் குறித்துள்ளார். ஆக, ஒரு கோப்பையிலே அராபியரும் உள்ளூர் மீனவரும் ஏழைத் தாய்மாரும் கூடியிருந்தனர்.

இறுதியில் ஆகஸ்ட் மாதத்துக்குச் சிறப்பான ஓர் இனிப்பு. வத்தகைப் பழச்சாற்றைக் காய்ச்சி இறுகவைத்து, மல்லிகைப்பூவின் மணம் ஏற்றியது. மேலே இரண்டு மல்லிகை மலர் வைத்திருந்தனர். என் மனைவி அந்த மலரை எடுத்து மச்சாளின் கொண்டையிலே செருகினார். மச்சாள் அழத் தொடங்கினார். பின்னர் இருவரும் சிரித்தனர். எதற்காக அழுதார், எதற்காகச் சிரித்தனர் என்று நான் விசாரிக்கவில்லை.

அண்ணரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். 2003ஆம் ஆண்டில் அவர் ஒருமுறை ஊருக்கு வந்தார், பத்து நாள். அது கோயிலுக்கும் சடங்குக்கும் வந்தோர் போனோருக்கும் கழிந்துவிட்டது. மற்றப்படி எம் இருவருக்கும் இடையே சென்றவை கடிதங்களே, பின்னாளில் தொலைபேசி. அவற்றில் நான் கேட்டவை எவை என்று அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே நான் கலைமாணிப் பட்டத்துக்குப் பயின்ற காலத்தில் எனது சைக்கிளும் புத்தகமும் உணவும் அவர் அனுப்பிய பணமே. பின்பு தங்கையின் கலியாணம். பின்பு வீட்டுக் கூரை. பணம் கிடைத்தது, நன்றி, யாவரும் நலம் என்று எழுதினேன். உமது வேலை என்ன, எத்தனை மணிக்கு எழும்புகிறீர், ஓய்வு நாள் எது, அந்நாளிற் பிற்பகலை எவ்வாறு கழிக்கிறீர் என்று ஒரு கடிதத்திலேனும் நான் கேட்டதில்லை. அதனை அவரிடம் சொன்னேன்.

“கேட்டிருந்தால் நானும் பொய்தான் எழுதியிருப்பேன் தம்பி. நீ கேளாமல் இருந்தது நல்லது” என்றார். சிறிது நேரத்துக்குப் பின், “இருந்தாலும், கேட்டிருக்கலாம்” என்றார்.

பதினொரு மணியளவில் நான் கணக்குச் சீட்டைக் கேட்டேன். உணவுச்சாலைக்காரர் தலையசைத்தார். அண்ணர் முன்னரே கொடுத்துவிட்டிருந்தார். நாற்சந்தி வழியாகவே வீடு திரும்பினோம். வெயில் இல்லை; நான்கு மூலையிலும் விளக்கே எரிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வேலைக்குப் போய்விட்டார். என் பதினான்கு இடங்களின் கடதாசி இன்னும் அவருடைய சட்டைப் பையிலேதான் இருக்கின்றது.

நேயர்களே, இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் பலவற்றில், கடல் கடந்து வாழும் ஓர் அண்ணனோ தங்கையோ மகனோ இருக்கக்கூடும். அவர்கள் வாழும் நகரின் கோபுரங்களை நாம் படத்திற் பார்த்துவிடலாம். அந்த நகரில் அவர்களுடைய வியாழக்கிழமை எப்படிக் கழிகின்றது என்பதை அவர்களிடமே கேட்டாற்றான் அறியலாம். அடுத்த முறை பேசும்போது, வேறெதனையும் கேட்பதற்கு முன்னர் அதனைக் கேளுங்கள். பதில் வருவதற்குச் சற்று நேரமெடுக்கும். பொறுத்திருங்கள்.